நன்றி சொல்ல வாருங்கள்

கிழக்கே காமகுராவில் இருக்கும் என்னவருக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் அரண்மனை ஆள் வந்து சொன்னார்: நீங்கள் அரசவை ஆலோசகர் ஆகிவிட்டீர்கள். இத்தனை வருடம் காத்திருந்தது கிடைத்தேவிட்டது.

பின்னாலேயே உங்கள் அண்ணன் மிச்சிசுகே வந்தார்.

"ஏம்மா, உன் புருஷன் கிழக்குல குதிரை மட்டும்தான் வளர்க்கிறானா?"

"வந்ததும் நீங்களே கேளுங்க அத்தான்."

"முதல்ல வரட்டும். மாசக் கடைசிக்குள்ள மன்னர் முன்னாடி ஆடி வணங்கி நன்றி சொல்லலைன்னா, பதவி என் பையனுக்குத்தான்."

சிரித்தேன். அவர் போனதும் உங்கள் கறுப்பு அங்கிக்குக் கஞ்சி போட்டேன். அந்த நன்றி ஆட்டத்தில் இடப்பக்கம் திரும்பும்போது தடுமாறுவீர்கள். பரவாயில்லை, தோட்டத்தில் ஒத்திகை பார்க்கலாம்.

உடனே கிளம்புங்கள். எதையும் யோசித்துத் தயங்க வேண்டாம். மேற்குப் பக்க அறைகளைத் திறந்து பெருக்கச் சொல்லிவிட்டேன். அங்கே வெயில் நன்றாக விழும்; காமகுராவில் உங்களோடு இருக்கிறவளுக்குத் தலைநகரக் குளிர் பழகியிருக்காதே.

பஞ்சு வைத்து ஒரு சின்ன உடுப்பும் தைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை ஆணா பெண்ணா என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியாகவே எடுத்துக்கொண்டேன்.

தலைநகர் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி