பாலில் கலந்த பொடி

செவ்வாய், இரவு

அஸ்தம்பட்டி கிளினிக்கில் பாப்பா தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆய்வகத்தில் கரண்ட் இல்லையென்று வெங்காயத்தோல் சாற்றுப் பொடியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அதிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சத்து மூளைக்கு நல்லதா என்றுதான் ஆராய்கிறோம். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பாலில் கலக்கிப் பாப்பாவுக்கு ஊட்டிவிட்டார்.

"நீதான அம்மிணி மூளைக்கு நல்லதுன்னு சொன்னே? ரெண்டு வயசாகியும் புள்ள பேசலையேன்னுதான்..."

பாப்பாவை வாரியெடுத்துக்கொண்டு இங்கே ஓடிவந்தேன்.

சாறெடுக்க ஊற்றிய மெத்தனால் பொடியில் மிச்சம் இருக்குமா என்று டாக்டர் கேட்டார். அது கண்ணைப் பறித்துவிடும். பொடியை உலர்த்தியது ஆய்வக ஜூனியர் கவிதா, போனை எடுக்கவில்லை. பாப்பா முனகும்போதெல்லாம் இமையை விலக்கிப் பார்க்கிறேன்.

கவிதாவுக்கு இப்படி அனுப்பியிருக்கிறேன்: "நேரங்கெட்ட நேரத்துல எழுதறேன், கோவிச்சுக்காத. மெத்தனால் முழுக்கப் போயிருச்சா? பார்த்ததும் பதில் போடு."