நாலு என்றுதான் சொல்வேன்

கடைக்குட்டிக்கு,

வெள்ளத்தில் பாலம் போய், ஆலையையும் இழுத்து மூடிய வருஷத்தில் நீ பிறந்தாய். அகதி மனு விசாரிக்கிற அதிகாரியிடம் இப்படித்தான் சொன்னேன். "தேதி சொல்லுங்க பெரியவரே" என்றான்.

எத்தனை பிள்ளைகள் என்றான். நாலு என்றேன். "இப்ப உங்களுக்குன்னு யார் இருக்காங்க?" என்று அகதி விடுதிக்கு வருகிற டாக்டரம்மா கேட்டு எழுதியபோது ஒரு மகள் என்றேன். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிழவன் புளுகுகிறான் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பெற்ற கணக்கு எப்படியடி குறையும்?

நீயும் போனில், "ஒண்ணுன்னே சொல்லிருங்கப்பா, என்ன ஆயிடப்போகுது" என்கிறாய். உன் வாயில் அது வரலாமா?

விடுதியில் யாராவது கதவை அறைந்து சாத்தினால், என் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போய்த் துழாவுகிறது. கதவை உடைத்துக்கொண்டு சுட வந்த அன்றைக்கு, உனக்கு மூத்த மூன்று பேரையும் அங்கேதான் தள்ளிவிட்டேன். டாக்டரம்மா பயத்துக்கு மாத்திரை தருகிறாள். இதை எழுதித் தருகிற பக்கத்துக் கட்டில் டிரைவர், "உங்க கோவத்துக்கு அந்த மாத்திரை பத்தாது பெரியப்பா" என்கிறான்.

திங்கட்கிழமை மறுவிசாரணை. எத்தனை பிள்ளைகள் என்றால் நாலுதான். உயிரோடு யார் என்று தனியாகக் கேட்கட்டும், அதையும் சொல்கிறேன்: தையல் வேலைக்குப் போகிற என் கடைசி மகள், நீ.

இப்படிக்கு,
நாலு பேருக்கும் அப்பா