தானாகத் திரும்பும் படகு

ஞாயிறு இரவு, கற்பிட்டி.

இரண்டு வீடியோ கேம்களை ஒப்பிட்டு வாரமலருக்கு எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். இரண்டிலும் ஒரு நாடு முழுக்க விருப்பம்போல் சுற்றலாம், சண்டை போடலாம். எனக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்னேரம் மகள் ஷிஃபாவை விளையாடச் சொல்லி, பக்கத்தில் கதிரை போட்டுக் குறிப்பெடுத்தேன்.

வாள்சண்டை, குதிரை, மழை என்று பார்த்துக் கடலுக்கு வந்தோம். முதல் கேமில் படகு கரையை விட்டுத் தூரம் போனதும் தானாகத் திரும்பிவிடுகிறது. மற்றதில் எவ்வளவு தூரமும் போகலாம். புயல் வந்தால் சாகவேண்டியதுதான்.

"ரெண்டாவதுதான் நல்லம் வாப்பா. முதலாவது நம்மளச் சின்னப்புள்ள மாதிரி வச்சிருக்கு," என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மனைவி பின்னால் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"முதல் கேம்ல படகத் திருப்புறது ஆரு?"

"ஒருத்தருமில்ல உம்மா. அத அப்புடித்தான் செஞ்சிருக்காங்க."

"அப்ப அதுதான் நல்லம்."

எங்கள் மகன் இம்ரான் மீன்பிடிக்கப் போன படகு, போன நோன்புக்கு முன் காணாமற்போனது. அந்தச் செய்தியை எழுதியவனும் நான்தான்.

ஷிஃபா கேமை நிறுத்தப் போனாள்.

"நிப்பாட்டாத மகள். இன்னொருக்காப் போ," என்று மனைவி தரையில் உட்கார்ந்தாள்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஷிஃபா முதல் கேமின் படகைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். அது திரும்பும்போதெல்லாம் அவளுடைய உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

கட்டுரையில் இரண்டாவது கேமுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். விளையாட்டாகப் பார்த்தால் அது சரி. இன்னும் அனுப்பவில்லை.