பதினோராவது டேப்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் தலைசுற்றல் குறைந்ததா?

பயப்படாமல் படியுங்கள். இந்த ஆஸ்பத்திரியின் கணினிக் கோப்புகளை நகலெடுத்து டேப்பில் ஏற்றி வைப்பதுதானே என் வேலை. எது எந்த டேப்பில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் இடம் கொள்ளாமல் பெருத்துப்போய், திங்களன்று நகலெடுப்பதே நின்றுவிட்டது. மேலாளர் அதைக் குறைக்கச் சொன்னார்; பட்டியலின் பழைய வரிகளை மொத்தமாக அழித்தேன். மறுநாளே ஒரு டாக்டரம்மா வந்து, "அஞ்சு வருஷத்துக்கு முந்தின ஸ்கேன் வேணும், நாளைக்கு ஆபரேஷன்" என்றார். அதன் வரியும் போயிருந்தது. டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். பதினோராவதில் கிடைத்தது.

"குறைக்கச் சொன்னா, கண்ணை மூடிக்கிட்டா குறைப்பீங்க?" என்றார் மேலாளர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவுக்கு உங்கள் வயது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் ஸ்கேன்களைத் தம்பியிடம் சொல்லிப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரு நகல் என்னிடமும் இருக்கட்டும்.

உங்கள் மகள்