நடக்கச் சொன்ன ஊசி

இன்று நம் தெருவுக்குக் காலரா ஊசி போட வந்திருந்தார்கள். கையில் ஸ்பிரிட்டைத் தடவியதுதான் தாமதம், அந்த வாசனையோடு நீங்களும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். "என்னம்மா, குத்துறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்குது?" என்றார் ஊசிக்காரர். அவரிடம் என்னவென்று சொல்வது?

உலகச் சண்டை நடந்த காலம் அது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு என் இடது காலில் நரம்பு முறுக்கிப் புடைத்து, கணுக்காலில் வைத்த புண் ஆறவே இல்லை. காலை எடுத்துவிடுவார்களோ என்று அழுதுகொண்டே இருந்தேன். நீங்கள்தான் வண்டி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். டாக்டர் கத்தியே எடுக்கவில்லை. புடைத்த நரம்பிலேயே ஊசியால் மருந்தை ஏற்றி, காலை இறுக்கிக் கட்டி, "தினமும் நடக்கணும். படுத்துட்டா கெட்டுது" என்றார்.

வீட்டில் அதை யார் கேட்டார்கள்? உங்கள் ஆத்தா பாயை விரித்துவிட்டார்கள்.

"ஊசி போட்ட காலோட ஒரு பொம்பள வீதியில சும்மா நடக்குறதா? ஊரு சிரிக்கும்டா."

"ரத்தம் கட்டிக்கிட்டா ஆபத்தாம் ஆத்தா. சும்மா எங்க நடக்குறா? கோயிலுக்குல்ல போறோம்."

கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷர் சொன்ன பேச்சு அது!

நம் தெருவில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி தள்ளிப் பின்னால் வருவாள். நீங்களும் திருக்கோகர்ணம் கோயிலுக்கு அப்படித்தான் கிளம்பினீர்கள். ஆனால் நாலு எட்டுக்கு ஒருதரம் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டீர்கள். நான் கிட்டே வந்ததும் நிமிர்ந்து நடந்தீர்கள். எதிர்வீட்டு அண்ணன் சும்மா இருப்பாரா? "ஏம்ப்பா, தெனமும் அறுந்து போற வாரு, வேற செருப்புதான் வாங்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களுக்கு முகம் சிவந்துவிட்டது. "வா புள்ள" என்று என் பக்கத்திலேயே நடந்தீர்கள். தெருவே பார்த்தது. பார்க்கட்டுமே என்று எனக்கு ஒரு திமிர்.

நரம்பு சுருங்கியது, புண்ணும் ஆறியது. அடுத்த வருஷம் வந்த காய்ச்சல்தான் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இப்போது நின்றபடியே நெல் அவிக்கிறேன், சந்தைக்கும் நடந்தே போகிறேன். கால் ஒருநாளும் சண்டித்தனம் செய்ததில்லை.

என்னை விட்டு முன்னால் போனீர்களே என்று கோபம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் அங்கேயும் எங்காவது குனிந்து, அறாத வாரை இழுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு வருகிறேன். கொஞ்சம் நில்லுங்கள். கால் நன்றாக இருக்கிறது, நடந்தே வந்துவிடுவேன்.