படத்தில் இல்லாத லைன் வீடுகள்

காந்தல், ஊட்டி
செப்டம்பர், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் ஆன்சிக்கு அம்மா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கும் ராஞ்சியில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். உன் மனசு எப்படி இருக்கிறது என்பதை நீ எழுதினால்தான் தெரியும். என் மனசு சரியில்லை. அதைக் கடைசியில் எழுதலாம் என்று இருந்தேன், முதலிலேயே வந்துவிட்டது. போன கடிதத்தைப் போடப் போனபோது தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா, இந்தக் காலத்தில கடுதாசியா, ஒரு போனைப் போட்டுப் பேசிருங்களேன் என்றார். என் மகள் இருக்கிற இடத்தில் போன் கிடையாதுங்க என்றேன். ஐயோ, உள்ள இருக்குதுங்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லைங்க, சிஸ்டர் ஆவதற்குப் படிக்கிறாள் என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டாம்பை அவரே ஒட்டிக் கொடுத்தார். உனக்கு வரும் கடிதங்களை முதலில் உன் தலைமைச் சிஸ்டர் பிரித்துப் பார்ப்பார் என்றும், அவருக்குத் தமிழ் தெரியாது என்றும் எழுதியிருந்தாய். அவருக்கு என் வணக்கம். தெரியாதது நல்லதுதான், தாராளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பள்ளி வேன் ஓட்டம் வழக்கம்போல. போன வாரம் கேத்தி இறக்கத்தில் ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வேன் தாமதமானதற்கு இதைச் சொன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் நம்பவில்லையாம். ஏன் ஜெர்சன், அது லெட்டர் எதுவும் குடுத்தனுப்பலையா என்று கேட்டாராம். அப்பா இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார், உனக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்றார், சொல்லிவிட்டேன். குளிர் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நான் உன் அறையில்தான் வேலை செய்கிறேன். கட்டிலை நகர்த்தவில்லை. மேசையை மட்டும் ஜன்னலோரம் இழுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டு வெப்சைட் செய்ய உட்கார்ந்து இத்தனை வருஷமாகியும் தெருவில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. யூனிஸ் அக்கா தினமும் வெளியே போகும்போது, நீ ஊட்டுல சும்மாதான இருக்கற ஜோவிதா, கேஸ் வந்தா வாங்கி வெச்சிரு என்கிறார். எதிர்வீட்டுக்காரர் ஆதார் அட்டையில் விலாசம் மாற்றித் தரச் சொல்லிக் காலையில் வந்து நிற்கிறார். நான் அந்த வேலை செய்வதில்லை என்றால், அப்ப எதுக்குங்க கம்ப்யூட்டர் என்கிறார்.

வேலை எப்படிப் போகிறது அம்மா என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இந்த வேலையில் யாரும் கூப்பிடாத வாரங்கள் உண்டு. போன் கெட்டுவிட்டதோ என்று அப்பாவின் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்துப் பார்ப்பேன். அடிக்கும். அப்புறம் பயம் இன்னும் கூடும். ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி எதிர்வீடு மறையும், திரும்பத் தெரியும், மறையும். அந்த நேரத்தில் செய்து முடித்த எதையாவது எடுத்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவேன், திரும்பச் சின்னதாக்குவேன். அப்படி ஒரு வாரத்தில்தான் தினேஷ்குமார் கூப்பிட்டார். கோயமுத்தூர்க்காரர். குன்னூர் பக்கம் லெஸ்லி மாமா வேலை செய்கிற எஸ்டேட்டின் பழைய மேனேஜர் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் விடுதியாக்குகிறார். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும். அது பிடித்துப்போனால் இதே மாதிரி பங்களா வைத்திருக்கிற இன்னும் மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள் என்றார். ஒரு வருஷத்துக்கு வேலை. போனை வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

படமும் நானே எடுத்தேன். விடிந்ததும் பங்களா வராந்தாவில் நின்றால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே சோலை, அப்புறம் பள்ளத்தாக்கு, தூரத்தில் நீலமாக ஒன்றன்பின் ஒன்றாக மலை. சரிவின் நடுவில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். தகரக் கூரை, கொடியில் துணி, புகை. அதில் ஒரு வீட்டில்தான் நான் பிறந்தேன். அதே வீட்டில்தான் இப்போது மாமாவும் சசி அத்தையும் இருக்கிறார்கள். தினேஷ்குமார் படத்தைப் பார்த்துவிட்டு, சூப்பருங்க மேடம், அந்த லைனை மட்டும் எடுத்துருங்க என்றார். சரிங்க என்றேன். யோசிக்கவில்லை. கிளையண்ட் கம்பியை எடுக்கச் சொல்வார், குப்பைத்தொட்டியை எடுக்கச் சொல்வார், எடுப்போம். வட்டம் போட்டுக் காட்டினால் கம்ப்யூட்டரே அந்த இடத்தைத் தேயிலையால் நிரப்பிவிடுகிறது. அது நிரப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை. சரிவு திரும்புகிற இடத்தில் நிரைகளும் திரும்ப வேண்டும், நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். உட்கார்ந்து செடி செடியாகத் திருத்தினேன். முடித்தபோது நான் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். இதை மறைக்கமாட்டேன் கண்ணு, எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். என் சொந்த வெப்சைட்டின் முகப்பிலும் அந்தப் படத்தைத்தான் போட்டேன்.

மே மாத சீசனுக்கு ஆட்கள் நிறைய வந்தார்கள். வந்தவர்களில் சிலர், படத்தில் வெறும் தேயிலை, இங்கே வந்து பார்த்தால் துணி காயப்போட்டிருக்கிறது என்று வெப்சைட்டிலேயே எழுதினார்கள். தினேஷ்குமார் என்னைத் திட்டவில்லை. படம் கரெக்டா இருக்குதுங்க மேடம், இடத்தைத்தான் சரி பண்ணோணும் என்றார். என்ன சரி பண்ணப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்ட் மழையில் சசி அத்தை போன் பண்ணினாள். ஏனுங்க அண்ணி, இந்த அநியாயத்தைக் கேளுங்க, நாத்துக்குக் கட்டுவாங்கல்ல பச்சை வலை, அதை லைனுக்கு முன்னாடி ரெண்டாள் உசரத்துக்குக் கட்டிப்போட்டாங்க, இருக்கற கொஞ்சம் வெயிலும் போச்சு, துணி காய்றதே இல்லீங்க, ஈரத்தையே போட்டுக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போறோம் என்றாள். எதுக்காம் என்றேன். எவனோ போட்டோ புடிச்சானாமா, அதுல நம்ம ஊடே இல்லையாமா, அதனால நாமளும் தெரியக் கூடாதாமா என்றாள். அவன் கையில சிக்குனா கவாத்துக் கத்திதான் என்றும் சொன்னாள். தேயிலையை வெட்டுகிற கத்தி. நான் சரி சசி, ஞாயிற்றுக்கிழமை வர்றேன் என்று மட்டும் சொன்னேன்.

பூசை முடிந்து நானும் அப்பாவும் போனோம். வீட்டுக்குள் எல்லாமே பச்சை. சோறு பச்சை, சுவர் பச்சை, சசி அத்தையின் முகம் பச்சை. பாட்டிலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருந்தது. ஈரத்துணி அடுப்புக்கு மேலே தொங்கியது. கை கழுவிவிட்டு வந்து, அந்தப் படத்தை எடுத்ததும் அதிலிருந்து வீட்டை எடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தான். அடியே அக்கா, அப்படியே எங்க ஃபேக்டரி ஆபீசரையும் அழிச்சுரு, உனக்குப் புண்ணியமாப் போகும் என்றான். சசி அத்தை சிரிக்கவில்லை. எங்க ஊட்டை எடுத்துட்டு அங்க என்ன வெச்சீங்க அண்ணி என்று கேட்டாள். தேயிலை என்றேன். அதையும் நாங்கதானுங்களே பறிக்கோணும் என்றாள். சொல்லிவிட்டு அப்பாவுக்கு ரசம் ஊற்றப் போனாள்.

மறுநாள் தினேஷ்குமாரைக் கூப்பிட்டேன். பழைய படத்தை மாற்றி உள்ளதை உள்ளபடி போட்டுத் தருகிறேன், வலையை எடுத்துவிடுங்கள் என்றேன். வெப்சைட்டின் பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்காமலே மாற்றியிருக்கலாம். விரல் அதுவரைக்கும் போனது. ஒப்படைத்த வேலைக்குள் திருட்டுத்தனமாக நுழைவது இந்தத் தொழிலில் பெரிய அசிங்கம், அதனால் கேட்டேன். படம் நல்லாத்தானுங்க ஓடுது, அதை எதுக்கு மாத்தறீங்க என்றார். அந்த லைனில்தான் நான் பிறந்தேன் என்றேன். அப்புறம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அப்ப நல்லதாப் போச்சுங்க மேடம், உங்களுக்குத்தான் அந்த இடம் நல்லாத் தெரியும், அவங்களுக்கும் இடைஞ்சல் இல்லாம, நமக்கும் தெரியாம, எங்க மறைச்சா சரியா வரும்னு நீங்களே ஒரு டிசைன் போட்டுக் குடுங்க.

கெட்ட மனிதரில்லை ஆன்சி. அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவராக இருந்தால் போனை வைத்திருப்பேன். இரண்டு நாள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. அரிசியைக் களைந்துவிட்டு அடுப்பில் வைக்க மறந்தேன். அப்பா, ஜோவி, வெயில் வருதான்னு மட்டும் பாரு, மத்ததெல்லாம் பெரிய பேச்சு என்றார். மாமாவும் போனில் அதையே சொன்னான், செய்யுக்கா, துணி காஞ்சாப் போதும் என்று. வழி எனக்கு அவர் கேட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது. மறைப்பைப் பார்க்கிறவன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதே போதும். கீழே லைனுக்கு முன்னால் ரெண்டாள் உயர வலை எதற்கு? மேலே பங்களாப் புல்தரையின் ஓரத்தில் இடுப்புக்கு மேல் ஒரு ஹைட்ராஞ்சியா வேலி. நாற்காலியில் உட்கார்ந்தால் பூ, அதற்கு மேலே நேராகத் தூரத்து மலை. நடுவில் உள்ள எதுவும் கண்ணில் படாது. படம் போட்டு அனுப்பினேன். வளர்ந்த செடியாகவே தொட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வலையைக் கழற்றிவிட்டார்கள். சசி அத்தை வீட்டுக்கு வெயில் வந்துவிட்டது. தேங்க்ஸ் அண்ணி, இன்னைக்குக் கம்பளியெல்லாம் தொவைச்சுப் போட்டேன் என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள். அவள் குரலில் கேலி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லை. உண்மையிலேயே சந்தோஷம். எல்லோருக்கும் சந்தோஷம். விருந்தினர்களுக்கு, தினேஷ்குமாருக்கு, மாமாவுக்கு. படத்தில் அவர்களை அழித்தபோது நான் எழுந்து போய் டீ குடித்தேன். இப்போது பூவை வைத்து அழித்திருக்கிறேன், நன்றி சொல்கிறார்கள், டீ இறங்கவில்லை. நல்ல டிசைன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தினேஷ்குமாரின் படத்தில் எனக்கு உரிமை இல்லை. என் வெப்சைட் என்னுடையது. அதன் முகப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு, நான் அன்று காலையில் எடுத்த படத்தை அப்படியே போட்டேன். கூரை, கொடி, புகை. கீழே, நான் பிறந்த லைன் என்று எழுதினேன். வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்று நண்பர்கள் என்று சொன்னேனே, அதில் ஒருவர் விமல். அவருக்குக் கூடலூர் பக்கம் பங்களா. வெள்ளிக்கிழமை மெசேஜ் அனுப்பினார். உங்க ஒர்க் பார்த்தேன் மேடம், தினேஷ் ப்ரோவுக்குப் பண்ணதுதான் வேணும், எங்களுக்கும் கீழே லைன் இருக்கு, அதே மாதிரி க்ளீன் பண்ணிடலாம்ல என்று. நேற்று முழுக்க அதைத் திறந்து திறந்து மூடினேன். இன்று பூசைக்குப் போகும் முன் பதில் போட்டேன். லைன் படத்தில் இருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் வந்து பார்க்கிறேன். அவ்வளவுதான். தயவுசெய்து என்றுகூட எழுதவில்லை. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. படித்துவிட்டார். இதுவரை பதில் இல்லை. அவர் போனால் மற்ற இருவரும் போவார்கள், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் திரும்பக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று அப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனார்.

நீ இதற்கெல்லாம் வருத்தப்படாதே. உன் அமைதியைக் கெடுக்க எழுதவில்லை, கேட்டாய், எழுதினேன். இரவில் கால் உறை போட்டுக்கொண்டு படு. அங்கத்திய சாப்பாடு பிடிக்காவிட்டாலும் தட்டில் மிச்சம் வைக்காதே. அப்பா தன் முத்தத்தையும் இதில் எழுதச் சொன்னார். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ தேர்ந்துகொண்ட வழியில் உன் கால் தளராமல் இருக்கட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. விமலிடமிருந்து நல்ல பதில் வர வேண்டும் என்று எனக்காக ஜெபிக்க வேண்டாம். அவர் பதில் சொல்லாமல் இருக்கும் இந்த நேரத்தில் நான் இன்னொரு மெசேஜ் அனுப்பி, சொன்னதை மழுப்பிவிடாமல் இருக்க ஜெபி. போன் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதும்போதே அதை இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டேன்.

உன் அன்பு அம்மா,
ஜோவிதா