ஏழாம் நம்பர் கோழியின் நடை

4 ஜூன் 1979, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

ஆய்வுக்கூடத்துக் கோழிக் கொட்டகையில் கறையான் மருந்து அடிக்கிறார்கள். அந்த நெடி பட்டால் எங்கள் சோதனை கெட்டுவிடும். ஆளுக்கொரு கோழி வீட்டுக்கு, ஒரு வாரம். டாக்டர் சோங் உத்தரவு. எனக்கு ஏழாம் நம்பர். வெள்ளைப் பெட்டை, காலில் வளையம். புந்தோங் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீனப் பாட்டி தொடையை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

இதற்கு ஏற்கெனவே ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு வருவது போலத்தான் இதற்கும் வரும். முதலில் ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்துக் கால் தள்ளாடும். நடுவில் நரம்புக்குள் என்ன நடக்கிறது? அதுதான் கேள்வி. நடையைப் பார்த்து மார்க் போடுவது என் வேலை. சைபர் என்றால் நல்ல நடை. நாலு என்றால் எழவே முடியாது.

கவிதாவுக்குப் பதினாலு மாதம். பிடித்தால் நிற்கிறாள், விட்டால் பொத்தென்று உட்காருகிறாள். மூன்றரை.

இதை எழுதியிருக்கக் கூடாது.

5 ஜூன், செவ்வாய்

கோழி: ஒன்று. திரும்பும்போது வலது கால் பின்தங்குகிறது.

கவிதாவின் உள்ளங்காலைப் பென்சிலால் கீறினேன். சிரித்தாள். முட்டியைக் கரண்டியால் தட்டினேன். உதைத்தாள். கரண்டி பறந்து போய் என் வீட்டுக்காரர் தட்டில், ரசத்துக்குள்.

"நீ இப்படியே போனா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒரு கட்டில் சொல்லி வைக்கணும்லா" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவருக்கென்ன. கவிதா வயிற்றில் இருந்தபோதும் நான் இதே மருந்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன். கையுறை, அங்கி எல்லாம் உண்டு. ஆனாலும். என் வழியாக அவளுக்குப் போயிருந்தால்?

வாங்க: பால் மாவு, சலவை நீலம், கோழித் தீவனம்.

6 ஜூன், புதன்

டாக்டர் சோங்கிடம் கேட்டே விட்டேன். பதிலுக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். அவர் பழக்கம். போன மாதக் கோழியின் நரம்பு. முதுகுத்தண்டுப் பக்கம் ஒரு குறையும் இல்லை, பாதத்துப் பக்கம் துண்டு துண்டாக. ரப்பர் மரம் கொம்பு நுனியிலிருந்து பட்டு வருமே, அப்படி. நீள நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால்தான் கால்.

பிறகு சொன்னார்: இதே மருந்தைக் குஞ்சுக்குக் கொடுத்தால் கால் போவதில்லையாம். வளர்ந்ததற்குத்தான். ஏன் என்றேன். தெரியாது என்றார், டுரியான் பழம் கிடைத்தவர் போல அத்தனை சந்தோஷமாக. அது தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரியாம்.

மனிதக் குழந்தையும் குஞ்சு கணக்கில் வருமா என்றேன். நிறைய யோசித்தார். அவர் யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கோழி: ஒன்றரை.

8 ஜூன், வெள்ளி

வேலை விட்டு வந்தால் கூண்டு காலி.

பகலில் கவிதாவைப் பார்த்துக்கொள்வது நாலு வீடு தள்ளி இருக்கும் என் நாத்தனார், ராசாத்தி அக்கா. பிள்ளைக்கு நடை வர முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டு, கோழியோடு கோயிலுக்குப் போய்விட்டாராம். வீட்டுக்காரர்தான் சொன்னார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். கோழிக்குக் கால் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். நேர்த்திக்கென்றே நான் வாங்கி வந்ததாக நினைத்தாராம். காலில் நம்பரோடு.

கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். கோயில் பின்னால் அடுப்பு எரிகிறது. சட்டி, தேங்காய், அரைத்த மசாலா. தட்டோடு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம். முதலில் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

கோழிக்கு உயிர் இருந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்து, நெற்றியில் குங்குமத்தோடு. பூசாரிக்கும் அக்காவுக்கும் வழக்கு.

"முனியாண்டிக்குச் சேவல்தாம்மா. பொட்டக்கோழிய யாரு கேட்டா? அதுவும் நொண்டி. பாரு, தள்ளாடுது."

"காலையில நல்லாத்தான் நடந்துச்சு, அண்ணே. உங்கள பாத்துக் கத்துக்கிச்சு."

பூசாரி மாலையானால் கள்ளுக் குடிப்பது புந்தோங்குக்கே தெரியும். அவரே சிரித்துவிட்டார்.

அக்காவைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னேன். சட்டியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "மருந்து போட்ட கோழிய வீட்டுல வச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நீ. படிச்சவ."

பிள்ளைகளுக்குச் சாம்பார். நடக்கும் முன்பே நேர்த்தி எதற்கு என்று வரும் வழியில் கேட்டேன். "எந்த ஆபீஸ்லயும் முன்ன குடுத்தாத்தான்லா வேலை நடக்குது. சாமிக்கு மட்டும் வேற சட்டமா?"

கோழி: இரண்டு.

9 ஜூன், சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

கோழியைப் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் விட்டேன். மஞ்சள் போகவில்லை. டாக்டர் சோங்கிடம் என்ன சொல்வது? திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பிறகு அதன் நரம்பும் மைக்ராஸ்கோப்புக்கு.

காலை உயரத் தூக்கி, பட்டென்று வைத்து, அகட்டி அகட்டிப் போனது. மூன்று என்று எழுதக் குனிந்தேன். நிமிர்ந்தால் கவிதா கூண்டைப் பிடித்து நிற்கிறாள். கூண்டை விட்டாள். காலை உயரத் தூக்கி, பட்டென்று வைத்து, அகட்டி அகட்டி, கோழிக்குப் பின்னால். அதே நடை. பின்வாசலில் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேவல் பாக்கி" என்றார் அக்கா, மெல்ல.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோழி உட்கார்ந்துவிட்டது. கவிதா அதைத் தாண்டிப் போய்விட்டாள்.